எண்ணா? கண்ணா?

42.97. 42.87. இரண்டும் டெஸ்ட் துடுப்பாட்டச் சராசரிகள். முதலாவது அரவிந்த டி சில்வாவுடையது, மற்றது ஹஷான் திலகரத்னவுடையது. இடைவெளி ஓர் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இருவரும் ஒரே காலத்தவர்கள். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற பதினொருவரில் இருவரும் இருந்தார்கள்.

இந்தக் கணக்கை ஹட்டன் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் சொல்லிப் பாருங்கள். "அப்ப ரெண்டு பேரும் ஒன்னுதானா?" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் நாலு பேர் மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஹஷானை யாரும் குறைத்துப் பேசப் போவதில்லை. அணி சரிந்து கிடந்த எத்தனையோ நாட்களில் ஆறாம் ஏழாம் இடத்தில் வந்து முட்டுக்கொடுத்தவர் அவர். ஆனாலும் அரவிந்த ஆடியதைக் கண்ணால் கண்ட ஒருவருக்கு, இரண்டு எண்கள் ஒட்டி நிற்பதால் இரண்டு ஆட்டமும் ஒரே தரம் என்று ஏற்க மனம் வராது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. திலான் சமரவீர 81 டெஸ்ட் போட்டிகளில் 48.76 என்ற சராசரியோடு ஓய்வு பெற்றார். அரவிந்தவைவிட ஏறக்குறைய ஆறு ஓட்டங்கள் அதிகம். சராசரியை மட்டும் வைத்து இலங்கையின் எல்லாக் காலத்துக்குமான அணியைத் தெரிவுசெய்தால், நான்காம் இடத்தில் சமரவீர இறங்க, அரவிந்த வெளியே உட்கார வேண்டியதுதான். அப்படி ஓர் அணியை நான் இதுவரை எங்கும் பார்க்கவில்லை. எல்லோரும் அரவிந்தவைத்தான் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களின் கைதான் தவறா, எண்தான் தவறா?

எண்ணைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் செய்யக்கூடாது என்பது என் கட்சி. எண் தன்னிடம் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. சராசரியிடம் நாம் கேட்பது ஒரே கேள்வி: இவர் ஒருமுறை ஆட்டமிழக்க எத்தனை ஓட்டம் பிடிக்கிறது? அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஹஷான் 131 இனிங்ஸ்களில் 25 முறை ஆட்டமிழக்காமல் திரும்பினார், அரவிந்த 159 இனிங்ஸ்களில் 11 முறை. பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராய் விழ, மறுமுனையில் நின்றவருக்குச் சராசரி ஏறும். முன்னாலேயே இறங்கி முதல் பந்திலிருந்து அடிக்கப் பார்த்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இதையும் எண்ணே சொல்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

அட்டையில் இல்லாத ஐந்து வருடங்கள்

எந்த அட்டையிலும் ஏறாத காரணம் ஒன்றும் உண்டு. 1987 ஏப்ரலில் நியூசிலாந்து கொழும்பில் ஒரு டெஸ்ட் ஆடியது. கொழும்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது, சுற்றுப்பயணம் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு இலங்கை மண்ணில் அடுத்த டெஸ்ட் நடந்தது 1992 ஆகஸ்டில். ஐந்து வருடங்களுக்கு மேல் சொந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட்கூட இல்லை. அரவிந்தவுக்கு அப்போது 21 வயது முடிந்து 26 வயது வரையிலான காலம். ஒரு துடுப்பாட்ட வீரனின் கையும் காலும் ஒன்றுசேரும் வயது அது. அந்த வயதில் அவர் ஆடிய கொஞ்ச நஞ்ச டெஸ்ட்களும் பிறர் நாட்டில், பழக்கமில்லாத ஆடுகளங்களில். 1991இல் வெலிங்டனில் 267 அடித்தது அந்தக் காலத்தில்தான். யுத்தம் தின்ற வருடங்களுக்குச் சராசரியில் இடமில்லை.

சமரவீர 2001இல் வந்தார். அறிமுகப் போட்டியிலேயே இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காத சதம், அதுவும் தன் கழகத்தின் எஸ்.எஸ்.சி. மைதானத்தில். அவர் காலத்தில் இலங்கைக்கு வருடம் முழுதும் டெஸ்ட் இருந்தது. இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுமுன் இதையும் எழுதினால்தான் கணக்கு நேர்மையான கணக்காகும்.

இனி கண் சொல்வதைக் கேட்போம். 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், அரையிறுதி. முதல் ஓவருக்குள்ளேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் போய்விட்டார்கள். பலகையில் ஒரு ஓட்டம், இரண்டு விக்கெட். லட்சம் பேர் ஆரவாரம் செய்ய, அரவிந்த உள்ளே வருகிறார். 47 பந்துகளில் 66, அதில் 14 பவுண்டரி. அட்டையில் அது வெறும் 66, ஓர் அரைச்சதம். அன்று பார்த்தவர்களுக்கு அது அந்த உலகக் கிண்ணத்தின் முதுகெலும்பு. மின்சாரம் எட்டிப் பார்க்காத லயன்களில் கார் பெட்டரியில் தொலைக்காட்சியை இணைத்து, ஒரு காம்பராவுக்குள் முப்பது பேர் நெருக்கியடித்துப் பார்த்த ஆட்டம் அது. விழுந்துவிடுவோம் என்று பயந்திருந்த அணி, பயம் இல்லாத ஒருவனைப் பார்த்து நிமிர்ந்த அந்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான்கு நாள் கழித்து இறுதிப் போட்டியில் அவர் ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார், மூன்று விக்கெட்டும் வீழ்த்தினார். அதை எண்களே போதுமான அளவு சொல்லிவிடும். 66ஐச் சொல்லக் கண் வேண்டும்.

இதே வரிசையில் சென்னை சேப்பாக்கத்தின் ஒரு ஆட்டத்தையும் வைக்க வேண்டும். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97. அன்டி ரொபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் சாய்த்த இனிங்ஸ், இந்திய அணி மொத்தம் 190. மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனதால் சதத்துக்கு மூன்று ஓட்டம் குறைந்தது. சதங்களின் பட்டியலில் அந்த 97க்கு இடமே கிடையாது. ஆனால் விஸ்வநாத்தின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதே விஸ்வநாத்தைப் பற்றி எண் ஒரு அருமையான சாட்சியமும் வைத்திருக்கிறது: அவர் டெஸ்ட்டில் 14 சதம் அடித்தார், அவற்றில் ஒன்றில்கூட இந்தியா தோற்கவில்லை. 41.93 என்ற அவருடைய சராசரியைவிட இந்த ஒரு வரி அவரை நன்றாகக் காட்டுகிறது. சரியான கேள்வியைக் கேட்டால் எண்ணும் கண்ணாகும்.

காதால் பார்த்தவர்கள்

மலையகத்தில் "பார்த்தேன்" என்று சொல்கிற மூத்தவர்களில் பலர் உண்மையில் கேட்டவர்கள். இலங்கையில் தொலைக்காட்சி வந்ததே 1979இல். தோட்டங்களுக்கு அது வந்துசேர இன்னும் வெகுகாலம் பிடித்தது. அதுவரை டிரான்சிஸ்டர்தான். இலங்கை வானொலியில் பிரேமசார ஏபாசிங்கவின் சிங்கள வர்ணனை, கடல் தாண்டி வரும் அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனை, மறுநாள் பிற்பகலில் டவுனிலிருந்து யாராவது கொண்டுவரும் வீரகேசரியில் ஸ்கோர் விவரம். காதில் விழுந்ததையும் தாளில் கண்டதையும் சேர்த்து ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு ஆட்டத்தை ஆடவிட்டார்கள்.

1982 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் துலீப் மெண்டிஸ் இரண்டு இனிங்ஸிலும் 105, 105 என்று அடித்தது அப்படிக் கேட்கப்பட்ட ஆட்டம். முதல் டெஸ்ட்டை ஆடி ஒரு வருடம்கூடச் சரியாக ஆகாத அணி, இந்தியாவின் மண்ணில் இந்தியாவோடு சரிக்குச் சரி நின்று சமன் செய்தது. அந்த 105ஐக் கேட்டவர்களுக்கு அது வெறும் எண்ணாக இருக்கவில்லை. வர்ணனையாளரின் குரல் ஏறி இறங்கியதும், நடுவில் அலை கரகரத்து மறைந்ததும் சேர்ந்ததுதான் அந்த 105. தொலைக்காட்சி இல்லாதவன் எண்ணை மட்டுமே நம்பினான் என்று நினைப்பது தவறு. அவனுக்கும் எண்ணைச் சுற்றி ஒரு கதை தேவைப்பட்டது.

தராசு முள்

எண்ணால் அளக்கப்படுவது என்றால் என்ன என்று மலையகத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் பெரட்டில் பேர் கொடுத்து மலை ஏறும் பெண்ணின் முழு நாளும் மாலையில் தராசு முள்ளில் வந்து நிற்கிறது. பல தோட்டங்களில் 18 கிலோ என்பது கணக்கு. எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர். அவள் எடுத்தது கவ்வாத்து வெட்டித் தளிர்த்த மலையா, காய்ந்து போன கிழட்டுத் தேயிலையா, கால் ஊன்ற முடியாத சரிவா, அட்டை கடிக்கும் மழையா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்தது போக மிச்சம்தான் துண்டில் ஏறும்.

ஆனால் தராசே வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் கேட்டதில்லை. தராசு இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்தான் கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். தராசு சரியாக இருக்க வேண்டும், கழிப்பது நியாயமாக இருக்க வேண்டும், எந்த மலையில் எடுத்த கொழுந்து என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். துடுப்பாட்டத்துக்கும் நான் கேட்பது இதுவே. 42.97 என்று எழுதுங்கள், எந்த மலையில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கண் பிழைத்த இடம்

கண்ணை நம்பு, எண்ணை விடு என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். மலையகத் தமிழன் அதைச் சொல்வதற்கு முன் ஒருமுறை முத்தையா முரளிதரனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1920களில் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. பேரன் 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் மைதானத்தில் பந்து வீசினார். நடுவர் டரல் ஹெயார் பந்து எறிகிறார் என்று ஏழு முறை நோபோல் சொன்னார். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில் ஒரு மனிதனைக் கள்ளன் என்று கூப்பிட்டதற்குச் சமம் அது. ஹெயார் சொன்னதற்கு ஆதாரம் அவருடைய கண். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. வளைந்த கை சுழலும்போது, எறிவது போலக் கண்ணுக்குத் தெரியும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கருவிகளை வைத்து அளந்த பிறகுதான், கண் கண்டது மாயை என்று நிரூபணமானது. பிற்பாடு ஐ.சி.சி. மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தது. சுத்தமான வீச்சு என்று உலகம் கொண்டாடியவர்களின் கையும் சில பாகை நிமிர்வது தெரியவந்தது. அதன் பிறகே எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை எல்லை வந்தது.

நம் ஆளைக் காப்பாற்றியது எண். அழகு ரசிக்கிற கண், கௌரவமான கண், முன்னாள் வீரர்களின் அனுபவக் கண், இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து அவரைக் குற்றவாளி என்றன. பாகைமானி இல்லை என்றது. 800 டெஸ்ட் விக்கெட் என்ற எண் அதற்கு மேல் கட்டப்பட்டது.

கண்ணுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. இது துடுப்பாட்டத்துக்கும் பொருந்தும். சமரவீரவை மறுபடி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவரை மேலே கொஞ்சம் அவசரமாகக் கடந்தோம். அவருடைய ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கிற அடி குறைவு. பந்தைக் கடைசிவரை பார்த்து, தேவையில்லாததை விட்டு, தேவையானதைத் தட்டி, நாள் முழுதும் நிற்பார். அப்படி நின்று 2009இல் பாகிஸ்தானில் கராச்சியில் 231, அடுத்த போட்டியில் லாகூரில் 214 எடுத்தார். அந்த லாகூர் டெஸ்ட்டின் மூன்றாம் நாள், மார்ச் 3 காலை, அணியின் பஸ்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. சில மாதங்களில் திரும்பி வந்தார், அந்த ஆகஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராகக் காலியில் 159, கொழும்பில் 143. இந்த மனிதரை "அழகில்லை" என்று ஒதுக்கிய கண்ணைவிட 48.76 என்ற எண் அவருக்கு அதிக நியாயம் செய்கிறது. அரவிந்த அவரைவிட உயர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சமரவீரவை மறந்துவிடாமல் இருக்க அந்த எண் வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை.

கேள்வியை மாற்றினால்

குமார் சங்கக்கார மாத்தளையில் பிறந்து கண்டியில் வளர்ந்தவர். 1983 ஜூலையில் அவருடைய வீட்டில் தமிழ் நண்பர்களை ஒளித்துவைத்துக் காத்ததை 2011இல் லோர்ட்ஸ் மேடையில் சொன்னார். மலையகத்தில் அவருக்குள்ள மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம். 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். விக்கெட் காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்களில் சராசரி 40.48. கையுறையைக் கழற்றிவிட்டுத் துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடிய 86 டெஸ்ட்களில் 66.78. நாள் முழுதும் குந்தி எழுந்த களைப்பு ஒரு மனிதனின் ஆட்டத்திலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை எந்தக் கண்ணும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது. முழங்காலை மடித்து அவர் அடிக்கும் கவர் டிரைவை நாம் எல்லோரும் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை.

மஹேல ஜயவர்தன நேர் எதிர். இலங்கை தந்த அழகான துடுப்பு எது என்று கேட்டால் என் ஓட்டு அவருக்கு. பந்து காப்பாளரின் கைக்குள் போகப்போகிறது என்று நினைக்கும் கணத்தில் மெல்லத் தட்டி மூன்றாவது ஆள் பக்கம் அனுப்புவாரே, அதை இன்னொருவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மட்டும் அவர் 2,921 டெஸ்ட் ஓட்டங்கள் எடுத்தார். 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிரான 374ம் அங்கேதான். சொந்த நாட்டில் சராசரி 60ஐ நெருங்குகிறது, வெளியே 40ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. மஹேலவை நேசிப்பவர்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் அவரை எடைபோட முடியாது. பிறகு 2007 உலகக் கிண்ண அரையிறுதியில் ஜமைக்காவில் எடுத்த ஆட்டமிழக்காத 115, 2011 இறுதிப் போட்டியில் மும்பையில் 88 பந்துகளில் எடுத்த ஆட்டமிழக்காத 103 இரண்டையும் எடுத்து வைத்தால் தராசு மறுபடி ஆடும். ஆடட்டும். ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பற்றிய வாதம் ஒரு நாளில் முடிந்துவிடக் கூடாது.

எண்ணை வைத்தே எல்லாவற்றையும் தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. 2001இல் விஸ்டன் பெயரில் டெஸ்ட் வரலாற்றின் சிறந்த நூறு இனிங்ஸ் என்று சூத்திரம் போட்டுக் கணித்த பட்டியல் ஒன்று வெளிவந்தது. முதலிடம் பிரட்மன் 1937இல் மெல்பர்னில் எடுத்த 270க்கு. சச்சின் டெண்டுல்கரின் ஒரு இனிங்ஸ்கூட நூறுக்குள் இல்லை! இந்தியா கொதித்தது. சூத்திரத்துக்குத் தன்னிடம் கேட்ட கேள்வியின் விடைதான் தெரியும். ஒரு நாடே ஒருவரின் விக்கெட் விழுந்ததும் தொலைக்காட்சியை அணைத்ததை அது எதில் கூட்டும்?

நம் நாட்டிலேயே இன்னும் கூர்மையான உதாரணம் இருக்கிறது. குசல் பெரேராவின் டெஸ்ட் சராசரி 31ஐத் தொடவில்லை. அந்த எண்ணை மட்டும் கண்டவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். 2019 பெப்ரவரி 16, டர்பன். வெற்றிக்கு 304 வேண்டும். ஒன்பதாவது விக்கெட் விழும்போது இன்னும் 78 ஓட்டம் மிச்சம். கடைசி ஆள் விஷ்வ பெர்னாண்டோ. ஸ்டெய்னும் ரபாடாவும் மாறி மாறி வந்தார்கள். விஷ்வ 6 ஓட்டங்களோடு நின்றார். குசல் ஆட்டமிழக்காமல் 153 எடுத்து ஒரு விக்கெட்டால் வென்று கொடுத்தார். டெஸ்ட் வரலாற்றில் எந்த நாட்டவர் ஆடிய எந்த நான்காம் இனிங்ஸோடும் அதைப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு நாள் மட்டும் மகத்தானவராக இருந்தவரை மகத்தானவர் என்று சொல்லலாமா? அந்த ஒரு நாளைப் பார்த்தவர்கள் சொல்லத்தான் செய்வார்கள்.

பந்து வீசியவரின் சாட்சி

எண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் மூன்றாவது சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரை நாம் போதுமான அளவு கூப்பிடுவதில்லை. பந்து வீசியவர்.

2001 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மேற்கிந்தியத் தீவுகள் இலங்கைக்கு வந்தது. மூன்று டெஸ்ட்டிலும் தோற்றது. முரளி 24 விக்கெட், வாஸ் 26. அந்தப் பேரழிவுக்கு நடுவில் பிரையன் லாரா எடுத்தவை: காலியில் 178, 40, கண்டி அஸ்கிரியவில் 74, 45, எஸ்.எஸ்.சி.யில் 221, 130. மொத்தம் 688. அவருடைய அணி எடுத்த ஓட்டங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அவர் ஒருவருடையது. நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ் பிடித்து அஸ்கிரியவுக்குப் போனவர்கள் அந்த 74ஐ இன்றும் பேசுவார்கள். முரளியின் கையிலிருந்து பந்து வரும்போதே அது எந்தப் பக்கம் திரும்பும் என்று லாராவுக்குத் தெரிந்திருந்தது போல இருந்தது. உயரத் தூக்கிய துடுப்பு, குதித்து முன்னே போகும் கால், கடைசிக் கணத்தில் திரும்பும் மணிக்கட்டு.

உலகத்தின் எல்லாத் துடுப்பாட்ட வீரர்களுக்கும் பந்து வீசிய முரளி, தன்னை அதிகம் சோதித்தவர் லாரா என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 800 பேரை வீழ்த்தியவரின் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தை, சராசரி வரிசையில் லாராவுக்கு மேலே நிற்கிற பல பெயர்களைக் கீழே இறக்கப் போதும். சிறந்த துடுப்பாட்ட வீரர் யார் என்று பந்துவீச்சாளர்களிடம் மட்டும் ஓட்டெடுத்தால் நம் பட்டியல்கள் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

எண்ணே இல்லாதவர்

மகாதேவ சதாசிவத்தின் டெஸ்ட் சராசரி என்ன? விடை இல்லை. அவர் டெஸ்ட் ஆடவில்லை. 1915இல் பிறந்தார், 1977இல் மறைந்தார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981இல். கொழும்பு வெஸ்லி கல்லூரி, பிறகு தமிழ் யூனியன் கழகம், பிறகு இலங்கை அணியின் தலைமை. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும்கூடத் தலைமை தாங்கியவர். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215. 1948 மார்ச்சில் பிரட்மனின் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவலில் ஆடியபோது, எதிரணித் தலைவராக நாணயம் சுண்டியவர் சதாசிவம். தான் பார்த்தவர்களில் தலைசிறந்தவர் அவரே என்று ஃபிராங்க் வொரல் சொன்னதாகச் செவிவழியாக வந்துகொண்டே இருக்கிறது. மனைவியின் கொலை வழக்கில் அவர் குற்றம் சாட்டப்பட்டு 1953இல் விடுதலையானார். இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வழக்கைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். துடுப்பைப் பற்றி எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை. அவரைப் பார்த்த கண்கள் மூடிவிட்டன. பதிவில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில முதல்தரப் போட்டிகள்.

கண்ணின் குறை இதுதான். அது ஆளோடு போய்விடும்.

சதாசிவம் பிரட்மனோடு நாணயம் சுண்டிய அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களைக் கணக்கிலிருந்து நீக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து ஐந்தே கால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். எண்ணப்படாமல் விடுவதும் தவறாக எண்ணுவதும் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும்.

தேயிலைக்குள் விழுந்த பந்துகள்

ஹட்டன் டன்பார் மைதானத்திலும், நுவரெலியா சினிசிட்டா மைதானத்திலும், அவற்றுக்கு அப்பால் ஒவ்வொரு தோட்டத்திலும் மென்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. தைப்பொங்கலுக்கு ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. தோட்ட மைதானம் என்பது மலையை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மேட்டில் லயன், மறுபக்கம் பள்ளம். தேயிலைக்குள் போனால் நாலு, பள்ளத்தில் பந்தைத் தொலைத்தால் அவுட் என்று இடத்துக்கு இடம் சட்டம் மாறும். அதனால் பந்தைத் தூக்காமல், தரையோடு இடைவெளி பார்த்து அடிக்கக் கற்ற பையன்கள் வருகிறார்கள். மூடுபனி இறங்கினால் பந்து பாதி வழிக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போதும் தாமதமாக, உடம்புக்கு அருகில் ஆடுகிற பையன் ஒருவன் எப்போதும் இருப்பான். தோட்டம் முழுக்க அவன் பேர் தெரியும். கடினபந்தில் ஆடினால் எங்கேயோ போயிருப்பான் என்பார்கள். அவன் எங்கேயும் போக மாட்டான். இருபது வயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான்.

இதே மலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே துரைமார் கிரிக்கெட் கழகம் வைத்திருந்தார்கள். டிக்கோயா தரவளையிலும், நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்லவிலும் இன்றும் அந்தப் பச்சை மைதானங்கள் இருக்கின்றன. அந்த மைதானங்களைத் தன் தோள்பலத்தால் தாங்கிய சமூகத்திலிருந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்து நேராக டெஸ்ட் அணிக்குப் போன ஒரு துடுப்பாட்ட வீரனை நாம் இன்னும் பார்க்கவில்லை. முரளிக்குக் கண்டி அந்தோனியார் கல்லூரி கிடைத்தது, வேகப்பந்தை விட்டுச் சுழல் வீசு என்று சொன்ன சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் கிடைத்தார். அதாவது பார்க்க ஒரு கண் கிடைத்தது. தெரிவாளரின் கண் கொழும்பு, கண்டிப் பாடசாலை மைதானங்களுக்கு வரும். மஸ்கெலியாவுக்கு வராது.

ஆகவே என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். அரவிந்தவுக்கும் லாராவுக்கும் எண் அவ்வளவாகத் தேவையில்லை, உலகமே அவர்களைப் பார்த்தது. யாரும் பார்க்காத பையனுக்கு எண் மட்டும்தான் வாய். "நம்ம பையன் நல்லா அடிப்பான்" என்பதை நூறு பேர் சொன்னாலும் தெரிவாளர் கேட்க மாட்டார். மூன்று வருடத்துக்கு இத்தனை போட்டி, இத்தனை பந்து, இத்தனை ஓட்டம், இத்தனை முறை ஆட்டமிழப்பு என்று ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தால் அவர் புரட்டித்தான் ஆக வேண்டும்.

தோட்ட இளைஞர் கழகங்களுக்கும் மலையகப் பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள் ஒன்றே. போட்டி நடத்தக் காசு சேர்க்கும்போது கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவதோடு ஒரு ஸ்கோர் புத்தகத்துக்கும் ஒதுக்குங்கள். கணக்கில் கெட்டியான ஒரு பிள்ளையை, அது பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, மரத்தடியில் உட்கார வைத்து ஒவ்வொரு பந்தையும் எழுதச் சொல்லுங்கள். திகதி, மைதானம், மென்பந்தா கடினபந்தா, வீசியவர் பெயர், அப்போது அணி நின்ற நிலை, எல்லாம் வேண்டும். போட்டி முடிந்ததும் கடைசிப் பக்கத்தில், அன்று நன்றாக ஆடியவன் எப்படி ஆடினான் என்று பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு நாலு வரி எழுதி, கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தைக் கழக அறையில் பூட்டி வைக்காமல், வருடம் முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து மாவட்டக் கிரிக்கெட் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வரும் சித்திரைப் போட்டியிலேயே தொடங்கலாம்.